வேலை உண்டு, ஆனால் இந்த முடியோடு இல்லை: சேஸ்டிட்டி ஜோன்ஸ் வழக்கு

2010 மே மாதம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபீல் என்ற துறைமுக நகரம். அங்கே கேட்டஸ்ட்ரஃபி மேனேஜ்மென்ட் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்காக இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் கம்பெனி. கேட்ட தகுதியும் பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிய வேண்டும், போனில் முறையாகப் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சேஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஆன்லைனில் விண்ணப்பித்தார், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், 12ஆம் தேதி நீல நிற கோட் சூட்டும் ஹீல்ஸும் போட்டுக்கொண்டு போனார். தலையில் குட்டையான ட்ரெட்லாக்ஸ். சுருள்முடியைத் திரிதிரியாகப் பிரித்து, அது தானாகச் சடைபிடிக்கும்படி விட்டுப் பராமரிக்கும் முறை அது.

இன்டர்வியூ முடிந்தது, தேர்வானார். தேர்வானவர்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, உங்களுக்கு வேலை உறுதி, மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் விட்டார்கள். ஜோன்ஸுக்கு அந்தத் தேதியில் ஏதோ சிக்கல் இருந்ததால் தேதியை மாற்றிக்கொள்ள மனிதவள மேலாளரைத் தனியாகப் பார்த்தார். அதுவும் சரியாகிவிட்டது. கிளம்பும் நேரத்தில்தான் மேலாளர் கேட்டார், உங்கள் தலையில் இருப்பது ட்ரெட்லாக்ஸா என்று. ஆமாம் என்றார் ஜோன்ஸ். அப்படியென்றால் இந்த முடியோடு எடுக்க முடியாது. ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில் நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. அது அலங்கோலமாகிவிடும், உங்களுடையது அப்படி என்று நான் சொல்லவில்லை, ஆனால் நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், என்ற அர்த்தத்தில் மேலாளர் சொல்லியிருக்கிறார். வெட்ட மாட்டேன் என்று ஜோன்ஸ் சொல்ல, கொடுத்த காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அது கால் சென்டர் வேலை. எந்த வாடிக்கையாளரும் அவர் முகத்தையே பார்க்கப் போவதில்லை, அப்புறம் எங்கே முடியைப் பார்ப்பது?

கறுப்பினப் பெண்களின் அழகு, தன்மதிப்பு பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் அது ஒரே தடத்தில் ஓடும். ஊடகம் வெள்ளை அழகைக் காட்டுகிறது, அதைப் பார்த்து இவர்கள் தங்களைத் தாங்களே வெறுக்கிறார்கள், ஆகவே உன்னை நீ நேசி. இந்த விளக்கம் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தன் முடி பிடித்திருந்தது. கையில் கிடைத்த வேலையை விடும் அளவுக்குப் பிடித்திருந்தது. குறை அவர் மனதில் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர் கையிலிருந்த விதியில் இருந்தது. தோற்றம் தொழில்முறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மிதமிஞ்சிய சிகையலங்காரம் கூடாது என்று அந்தக் கம்பெனி எழுதி வைத்திருந்தது. எது மிதம், எது மிஞ்சியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை, நேராகத் தொங்கும் முடிதான் மிதம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வழக்கு போன பாதை

வேலைவாய்ப்பில் பாகுபாட்டைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான சம வேலைவாய்ப்பு ஆணையம், ஜோன்ஸ் சார்பில் 2013இல் வழக்குப் போட்டது. 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு இனத்தின் பேரில் வேலை மறுப்பதைத் தடை செய்கிறது, ட்ரெட்லாக்ஸ் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி இயல்போடும் பண்பாட்டோடும் ஒட்டியது, அதைத் தடுப்பது இனத்தைத் தடுப்பதுதான் என்பது ஆணையத்தின் வாதம். 2014இல் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2016 செப்டம்பரில், அலபாமா உட்பட மூன்று மாநிலங்களுக்கான 11ஆவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. முழு அமர்வு விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கை 2017 டிசம்பரில் நிராகரிக்கப்பட்டது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. ஆக எட்டு வருடம் நடந்தும் ஒரு ஜூரிக்கு முன்னால் ஜோன்ஸ் வாயைத் திறக்க வாய்ப்பே வரவில்லை, மனுவில் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி இது இனப் பாகுபாடு ஆகாது என்று வாசலிலேயே முடித்துவிட்டார்கள்.

என்ன காரணம் சொன்னார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாற்ற முடியாத இயல்புகளுக்கு மட்டுமே சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். சுருள்முடியோடு பிறப்பது மாற்ற முடியாதது, ஆகவே அதற்காக வேலை மறுத்தால் சட்டமீறல். அந்த முடியை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது பழக்கம், மாற்றிக்கொள்ளலாம், ஆகவே பாதுகாப்பு இல்லை. அதாவது உனக்கு இந்த முடி முளைக்கலாம், அது எங்கள் கண்ணில் படாதவரை. இந்தச் சட்டத்தை அகலமாகப் படிக்க வேண்டும் என்ற குரல்கள் இருப்பதைத் தீர்ப்பு கவனிக்காமல் இல்லை, ஆனால் அதை ஜனநாயக வழியில் தீர்த்துக்கொள்வது நல்லது என்று ஒதுங்கிக்கொண்டது.

இந்தப் பிரிவினை புதிதும் அல்ல. 1976இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆஃப்ரோ, அதாவது சுருள்முடியை அப்படியே விரிந்து நிற்க விடும் முடிக்காகப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகச் சொன்ன ஒரு பெண்ணின் புகாரை இனப் பாகுபாட்டுப் புகாராகவே ஏற்றுக்கொண்டது. ஐந்தே வருடத்தில், 1981இல், அமெரிக்கன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்த ரெனே ரோஜர்ஸ் கார்ன்ரோ, அதாவது தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் பின்னல், போட்டுக்கொண்டதற்காகத் தொடுத்த வழக்கில் தோற்றார். அந்தப் பின்னலை ஒரு வெள்ளைக்கார நடிகை சினிமாவில் போட்டுப் பிரபலமான பிறகுதான் ரோஜர்ஸ் போட்டார் என்று கம்பெனி தரப்பு சொன்னதை நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ தலைமுறை பின்னிய பின்னலுக்கு ஒரு ஹாலிவுட் படத்தைப் பிறப்புச் சான்றிதழாகக் காட்டினார்கள். வேண்டுமானால் பின்னலைக் கொண்டையாக முடிந்து அதன் மேல் ஒரு செயற்கை முடியை வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்று வழியும் காட்டியிருந்தார்கள்.

ஜோன்ஸ் வழக்கில் நீதிபதி பெவர்லி மார்ட்டின் 2017இல் எழுதிய மாறுபட்ட கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாற்ற முடியுமா முடியாதா என்ற அளவுகோலே 1989இல் காலாவதியாகிவிட்டது என்றார் அவர். அந்த வருடம் ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் வழக்கில், நீ இன்னும் பெண் மாதிரி நட, மேக்கப் போடு, நகை போடு என்று அங்கே வேலை பார்த்த ஆன் ஹாப்கின்ஸிடம் சொன்னதை உச்ச நீதிமன்றம் பாகுபாட்டுக்கான சாட்சியமாக ஏற்றது. நடையையும் மேக்கப்பையும் மாற்றிக்கொள்ள முடியும்தானே? அங்கே ஒரு நியாயம், முடிக்கு வந்தால் வேறு நியாயமா?

பொம்மைச் சோதனை சொன்னதும் சொல்லாததும்

தன்மதிப்பு என்று ஆரம்பித்தால் கிளார்க் தம்பதியின் பொம்மைச் சோதனையைத் தொடாமல் போக முடியாது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இருவரும் உளவியலாளர்கள், கறுப்பினத்தவர்கள். மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம், நிறம் தவிர எல்லா விதத்திலும் ஒன்றாக இருக்கும் பொம்மைகளைக் காட்டிக் கேட்டார்கள். எதோடு விளையாட ஆசை? 67 சதவீதம் வெள்ளைப் பொம்மை. எது பார்க்கக் கெட்டதாக இருக்கிறது? 59 சதவீதம் கறுப்புப் பொம்மை. உன்னை மாதிரி இருப்பது எது என்ற கடைசிக் கேள்வியில்தான் சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடின. கறுப்பு, வெள்ளை என்று பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் இடம்பெற்றது.

ஆனால் அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இடறும். குழந்தைகளில் 134 பேர் பிரிக்கப்பட்ட பள்ளிகள் இருந்த ஆர்கன்சாவில், 119 பேர் கலப்புப் பள்ளிகள் இருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில். வெள்ளைப் பொம்மையை அதிகம் கேட்டது வடக்கே கலப்புப் பள்ளியில் படித்த குழந்தைகள், அங்கே 72 சதவீதம், தெற்கே 62 சதவீதம் என்ற கணக்கில். வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு அது நேர் எதிர்.

அடுத்து, 2000ஆம் ஆண்டு பெர்னடெட் கிரே லிட்டில், ஆடம் ஹாஃப்டால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த தன்மதிப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு. சராசரியில் கறுப்பின அமெரிக்கர்களின் தன்மதிப்பு வெள்ளையரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. எப்படி? ஒரு மனிதர் தன்னை ஊர் முழுவதோடும் ஒப்பிட்டு அளப்பதில்லை, தன் வீடு, தன் தெரு, தன் சர்ச், தன் தோழிகள், இவர்கள் கண்ணில்தான் அளந்துகொள்கிறார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், எனக்கும் அது பொருந்துவதாகவே தெரிகிறது. ஆகவே பாவம், இவர்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று இரக்கப்படுவது தவறான இடத்தில் மருந்து போடுவது. தன்னைப் பிடித்திருக்கும் பெண்ணுக்கும் நாளைக்கு இன்டர்வியூ இருக்கிறது, கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது நான் அழகா என்று அவர் கேட்டுக்கொள்வதில்லை, இந்தத் தலையோடு போனால் எடுப்பார்களா என்றுதான் கேட்டுக்கொள்கிறார்.

அந்தக் கேள்வி வீண் பயமும் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி ஷெல்பி ரோசெட்டும் மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டி ஷௌ கோவலும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் சுயவிவரத்தைப் படங்களோடு காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். இயல்பான முடியோடு இருந்த கறுப்பினப் பெண்களுக்குத் தொழில்முறைத் தோற்றம் குறைவு, திறமை குறைவு என்று மதிப்பெண் விழுந்தது. அதே பெண் முடியை நேராக்கியிருந்தால் மதிப்பெண் ஏறியது. உடைக்கட்டுப்பாடு கறாராக இருக்கும் கன்சல்டிங் வேலைகளில் இந்த வித்தியாசம் இருந்தது, விளம்பரத்துறை என்று சொன்னபோது அப்படித் தெரியவில்லை.

மிஷேல் ஒபாமா வெள்ளை மாளிகையில் இருந்த எட்டு வருடமும் முடியை நேராக்கியே வைத்திருந்தார். ஒரு கறுப்பினக் குடும்பம் அங்கே இருப்பதற்கே மக்கள் பழகிக்கொண்டிருந்தார்கள், பின்னலுக்கு அவர்கள் தயாராக இல்லை, அரசியலை விட்டுவிட்டு முடியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள் என்ற பொருளில் 2022இல் சொன்னார். அந்த வருடம் செப்டம்பரில் தன் அதிகாரப்பூர்வ ஓவியத் திறப்பு விழாவுக்கு வெள்ளை மாளிகை போனபோது பின்னல் போட்டிருந்தார். அவருக்கே இந்தக் கணக்கு என்றால் மொபீலில் கால் சென்டர் வேலை தேடும் பெண்ணின் நிலையைச் சொல்லவா வேண்டும்.

விலை உடம்பில் விழும் இடம்

முடியை நேராக்குவது சும்மா சீப்பால் வாருகிற வேலை இல்லை. ரிலாக்ஸர் என்று விற்கும் க்ரீமில் சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரியான கடுமையான காரப் பொருள் இருக்கும், அது முடியின் புரதப் பிணைப்பை உடைத்துச் சுருளை எடுக்கிறது. கொஞ்ச நேரம் கூடுதலாக விட்டால் தலைத்தோல் வெந்து புண்ணாகும். புதிதாக முளைக்கும் முடி மறுபடி சுருளாகத்தான் வரும் என்பதால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டும். பல பெண்களுக்கு இது பள்ளி வயதிலேயே, அம்மா கையாலேயே ஆரம்பித்துவிடும். மகளைத் துன்புறுத்த அல்ல, வெளியே யாரும் அவளை ஏளனமாகப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் சிஸ்டர் ஸ்டடி என்ற நீண்டகால ஆய்வின் முடிவு ஒன்று வந்தது. 33,947 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்ததில் 378 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். முடி நேராக்கும் ரசாயனத்தை அறவே பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் அந்த நோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்லும் ஆய்வு இல்லை. ஆனால் முந்தைய வருடம் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் கறுப்பினப் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மாதமே வழக்குகள் ஆரம்பித்தன, 2023 பிப்ரவரியில் அவை சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

மாற்றிக்கொள்ள முடிவதுதானே என்று 11ஆவது சுற்று நீதிமன்றம் சொன்னதை இந்த எண்களோடு வைத்துப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாற்றிக்கொள்ளலாம்தான், என்ன விலைக்கு என்று யார் கேட்டார்கள்?

இன்னொரு பக்கம், வியர்த்தால் நேராக்கிய முடி மறுபடி சுருண்டுவிடும் என்பதால் உடற்பயிற்சியையே தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ரெஜினா பெஞ்சமின், அவரும் கறுப்பினப் பெண்தான், அட்லாண்டாவில் ஒரு சிகையலங்காரக் கண்காட்சிக்கே போய் இதைப் பேசினார். முடிக்காக உடம்பை விடாதீர்கள் என்று நாட்டின் தலைமை மருத்துவர் சொல்ல வேண்டிய நிலை. ரிலாக்ஸரை விட்டவர்கள் பலர் விக்குக்கும், சொந்த முடியோடு வேறு முடியைச் சேர்த்துத் தைக்கும் வீவுக்கும் போனார்கள். அங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது. திருப்பதியிலும் பழனியிலும் நேர்த்திக்கடனுக்கு இறக்கும் முடி ஏலம் போகிறது, சுத்தம் செய்து தரம் பிரித்து ஏற்றுமதி ஆகிறது, அப்படிப் போகும் இந்திய முடிக்கு அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பெரிய சந்தை. முருகனுக்குக் கொடுத்தவருக்கு அது எங்கே போய் யார் தலையில் உட்காரும் என்று யோசிக்கக் காரணமே இல்லை.

இந்த அளவுகோல் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு உதாரணம் மட்டும். 1786இல் ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்டெபான் மிரோ, அடிமையாக இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்கள் முடியைக் காட்டி அலங்கரிக்கக் கூடாது, துணியால் கட்டி மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். காரணம், அவர்கள் அழகாக இல்லை என்பதல்ல, ரொம்ப அழகாகத் தெரிந்தார்கள் என்பது. அவர்களும் விடவில்லை, விலையுயர்ந்த துணியில் தலைப்பாகையையே பெரிய அலங்காரமாக மாற்றிவிட்டார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

ஜோன்ஸ் தோற்ற அடுத்த வருடமே கலிபோர்னியா வேறு வழியில் போனது. 2019 ஜூலை 3ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்ட கிரௌன் சட்டம், இனம் என்ற வரையறைக்குள் முடியின் இயல்பையும், பின்னல், லாக்ஸ் (அதாவது ட்ரெட்லாக்ஸ்), முறுக்கிவிடும் ட்விஸ்ட் போன்ற அலங்காரங்களையும் சேர்த்தது. கொண்டுவந்தவர் அப்போது மாநில செனட்டராக இருந்த ஹாலி மிட்செல், அவரே லாக்ஸ் வைத்திருந்தவர். நீதிமன்றம் இயல்பு வேறு அலங்காரம் வேறு என்று வெட்டிய இடத்தைத்தான் இந்தச் சட்டம் ஒட்டியது. அந்த மாதமே நியூயார்க், அப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள்.

இந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய அமைப்புகளில் ஒன்று டவ். சோப்பு விற்கும் அதே டவ், யுனிலீவருடையது. சட்டம் வர அவர்கள் செலவிட்ட பணமும் உழைப்பும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 2017இல் ஒரு கறுப்பினப் பெண் சட்டையைக் கழற்றினால் உள்ளிருந்து வெள்ளைக்காரப் பெண் வருவது போல ஒரு விளம்பரம் போட்டு மன்னிப்புக் கேட்டதும் டவ்தான். 2020இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின முடியை வறண்டது, சேதமானது என்றும் வெள்ளைக்கார முடியைச் சாதாரணமானது என்றும் காட்டிய, ட்ரெஸெமே என்ற ஷாம்பு பிராண்டின் விளம்பரமும் யுனிலீவர் வீட்டுப் பிள்ளை. நமக்கு 1975 முதல் ஃபேர் அண்ட் லவ்லி விற்று, 2020இல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றியதும் அந்த வீடுதான். உன்னை நீ நேசி என்று ஒரு குழாயிலும் உன் நிறத்தை மாற்று என்று இன்னொரு குழாயிலும் அடைத்து விற்பது வியாபாரத்துக்கு ஒன்றும் முரண்பாடாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

2022 ஜூன் 30 அன்று, ஜோன்ஸின் வழக்கை எடுக்க மறுத்த அதே உச்ச நீதிமன்றத்தில் கேட்டான்ஜி பிரௌன் ஜாக்சன் பதவியேற்றார், முதல் கறுப்பினப் பெண் நீதிபதி, தலையில் மெல்லிய லாக்ஸ். மொபீலில் போன் எடுக்கத் தகாத முடி வாஷிங்டனில் அரசியலமைப்பை விளக்கத் தகும் என்று ஆனது. இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் நிறையப் பேர், நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் சட்டம் அந்த இடத்திலேயேதான் நிற்கிறது. நாடு முழுவதற்குமான கிரௌன் மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 235க்கு 189 என்று நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது. 11ஆவது சுற்றின் கீழ் வருவது அலபாமா, ஜார்ஜியா, ஃபுளோரிடா. அந்த மூன்று மாநிலங்களிலும் கூட்டாட்சிச் சட்டத்தை வைத்து ஒரு பெண் இதே புகாரைக் கொண்டு போனால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப் போவது ஜோன்ஸ் வழக்கின் 2016 தீர்ப்பைத்தான்.